மாரியில் ஆட்டுக் குளம்பு அழுகாமல் காத்த விதம்

ஐப்பசியில் தொடங்கினால் தை வரை மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள எங்கள் படுவான்கரை மண் காயாது. அந்த ஈரத்தில் எங்கள் ஆடுகள் நொண்டத் தொடங்கின. குளம்பிடுக்கை விரித்தால் தோல் ஊறி வெளுத்து, நாற்றம் முகத்தில் அடித்தது. பாவம், முழங்காலில் மண்டியிட்டே மேய்ந்தன.

தொங்கிய குளம்பை மட்டும் சீவினேன். 10 லீற்றர் நீரில் 1 கிலோ சிங்க் சல்பேற்றைக் கரைத்து, அதில் ஆடுகளைப் பத்து நிமிடமாவது நிற்கவைத்தேன். தாகத்தில் குடித்துவிடும், முன்பே தண்ணீர் காட்டிவிடுங்கள். தொற்றும் நோய் என்பதால் நொண்டியவற்றைத் தனியே கட்டினேன்.

மருந்தைவிடக் கைகொடுத்தது கொட்டில்தான். தரையை உயர்த்தி, குட்டியின் கால் சிக்காத இடைவெளியில் கமுகஞ் சலாகை அடித்தேன். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடுகின்றன. படுக்கை காய்ந்தே இருக்கிறது. சாரலுக்குக் கிடுகு கட்டினாலும் மேலே ஒரு முழம் திறந்து விடுங்கள்; காற்றோட்டம் இல்லாவிட்டால் இருமல் பிடித்துவிடும்.