வைக்கோல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: மலைமேல் மாடு வளர்ப்போருக்கு

சென்ற தை மாதம் கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் ஒரு லாரி வைக்கோல் வந்து இறங்கியது. இரண்டு கறவை மாடுகளோடு புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, தூக்கிப் பாருங்க, ஒவ்வொரு கட்டும் என்ன கனம்!" என்று மகிழ்ச்சியோடு காட்டினார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பல் பார்த்து வயதறியாமல் மாடு வாங்குவதும், தரகர் மடி கட்டிக் (கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக்) காட்டுவதை நம்பிக் கறந்து பார்க்காமல் பணம் கொடுப்பதும் தவறு என்பதை ஒட்டன்சத்திரம் மாட்டுச் சந்தைக்கு இரண்டு முறை போனவர் எவரும் அறிவார். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டுக்கணக்கில் விலை பேசுவது

எங்களுக்கு வைக்கோல் பழனி, ஆயக்குடிப் பக்கத்து வயல்களிலிருந்து வருகிறது. நெல் அறுவடை முடிந்ததும் தாளை, அதாவது நெல்தண்டை, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டுக் கட்டாகச் சுருட்ட வேண்டும். அடுத்த வயலுக்குப் போகும் அவசரத்தில் மறுநாளே சுருட்டிவிட்டால், வெளிச்சுற்று பொன்னிறமாகக் காய்ந்து தெரியும். ஈரம் நடுவில் அடைபட்டுக் கிடக்கும். அப்படிச் சுருட்டிய கட்டுகள் முந்நூற்றை, கட்டுக்கு 18 கிலோ என்ற பேச்சை நம்பி, கனமாக இருந்ததையே தரத்துக்கு அடையாளமாக எண்ணி வாங்கினேன்.

அந்த 5,400 கிலோவில் 12 விழுக்காடு ஈரம் மட்டும் இருந்திருந்தால், மாட்டின் வயிற்றுக்குப் போகும் காய்ந்த பொருள் 4,752 கிலோ. ஈரம் 30 விழுக்காடு என்றால் அது 3,780 கிலோவாகக் குறைந்துவிடும். என் கட்டுகளில் ஈரம் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்பதே என் கணிப்பு. இடையில் போன 972 கிலோ, நாளொன்றுக்கு ஐந்து கிலோ வீதம் வைக்கோல் தின்னும் இரண்டு மாடுகளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரும் தீனி. பழனியிலிருந்து கொடைக்கானல் வரை 60 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, அதன்பின் பூம்பாறைச் சாலை. அவ்வளவு தூரமும் லாரி வாடகை கொடுத்துத் தண்ணீரைத்தான் ஏற்றி வந்திருக்கிறேன்.

இழப்பு அதோடு முடியவில்லை. ஐந்தாம் நாள் படப்புக்குள், அதாவது அடுக்கி வைத்த வைக்கோல் போருக்குள், கையை நுழைத்தபோது, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரத்தைத் தொட்டதுபோல் சுட்டது. பத்து நாள் கழித்து ஒரு கட்டைப் பிரித்தேன். வெண்ணிறப் பூசணத்தூள் புகைபோல் எழுந்து தொழுவம் முழுவதும் பரவியது. மாடு மூக்கால் தள்ளிப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, வெளிச்சுற்றுத் தாளை மட்டும் பொறுக்கித் தின்றது. அந்த வாரமே பால் குறைந்தது. பூசணம் பிடித்த தீனியில் உண்டாகக்கூடிய அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு பாலிலும் இறங்கும் என்பதால், பாதிக்கு மேற்பட்ட கட்டுகளைப் பூண்டு வயலுக்கு எருவாகத்தான் போட்டேன். வியாபாரியிடம் கேட்டதற்கு, "காயப்போட்டாச் சரியாப் போயிரும்" என்றார். பூசணம் பிடித்த தாளை எவ்வளவு காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே அடிவாரத்து எடைமேடையில் வெறும் வண்டியையும் சுமை வண்டியையும் தனித்தனியே எடைபோட்டுச் சீட்டு வாங்குங்கள். லாரியின் மேலடுக்கை விட்டு, நடுவிலிருந்து ஒரு கட்டை உருவிப் பிரித்து, உள்தாளை ஒரு கைப்பிடி எடுத்து முறுக்குங்கள். காய்ந்த தாள் சடசடவென்று ஒடியும், ஈரத்தாள் கயிறுபோல் வளையும். ஐயம் இருந்தால், நறுக்கிய தாளோடு ஒரு கரண்டி உலர்ந்த தூள் உப்பைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டிபட்டால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த வைக்கோலை அடுக்கி வைக்கக் கூடாது.

விலையை, தொழுவத்தில் வந்து இறங்கிய காய்ந்த கிலோவுக்கு எவ்வளவு என்றே கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 30 விழுக்காடு ஈரமுள்ள 18 கிலோ கட்டு 90 ரூபாய், வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் சேர்த்துக் கட்டுக்கு 60 ரூபாய் என்றால், 150 ரூபாய்க்குக் காய்ந்த பொருள் 12.6 கிலோ, அதாவது கிலோ 11.90 ரூபாய். 12 விழுக்காடு ஈரம் மட்டும் உள்ள, அதே எடையுள்ள காய்ந்த கட்டை 110 ரூபாய்க்கு வாங்கினாலும், 170 ரூபாய்க்கு 15.84 கிலோ கிடைப்பதால் கிலோ 10.73 ரூபாய்தான் ஆகிறது. இருபது ரூபாய் கூடக் கேட்கும் வியாபாரியிடம் வாங்குவதே இங்கு மலிவு.

அந்த இளைஞரின் கட்டுகளை அன்று மாலையே பிரித்தோம். தை வெயில் இருந்ததால் மூன்று நாளில் பெரும்பகுதியைக் காயவைக்க முடிந்தது. ஐப்பசி மழையில் வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மழைநாளில் வாங்குவது

வேண்டாம்.

மாட்டு விலையைத் தனியாகப் பார்ப்பது

கோடையில் சமவெளியில் தீனி அருகினால் சந்தைக்கு மாடு பெருகும், விலை இறங்கும். அதே காரணத்தால் வைக்கோல் விலை ஏறும் என்பதை மறந்துவிட்டு, மாடு மலிந்துவிட்டது என்று மலையிலிருந்து ஓடிப்போய் வாங்கி வருகிறார்கள். அடுத்த அறுவடை வரை அந்த மாட்டுக்கு வேண்டிய தீனியை அன்றைய விலையில் கணக்கிட்டு, மாட்டு விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே தரகரிடம் கை கொடுக்க வேண்டும்.

தார்ப்பாயைத் தரைவரை இறுக்குவது

மேலே கூரை வேண்டும், கீழே கல்லும் பலகையும் வேண்டும், பக்கவாட்டில் காற்று வேண்டும். மேகம் இறங்கும் ஊரில் நான்கு புறமும் மூடிய படப்பு உள்ளேயே வியர்த்துவிடும்.

யூரியா ஊட்டத்துக்கு 21 நாள் என்று எண்ணுவது

வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு விழுக்காடுதான் என்பதால், 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 60 லிட்டர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைப்பது நல்ல முறை. ஆனால் 21 நாள் என்பது சமவெளி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. 15 பாகை செல்சியசுக்குக் கீழே குளிரும் எங்கள் ஊரில் ஐந்து முதல் எட்டு வாரம் விட வேண்டும். பிரித்தபின் அம்மோனியா நெடி அடங்கும்வரை ஆறவிட்டு, பழகப் பழகச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.