கார் என்ஜினுக்கு ஏற்ற ஆயிலையும் ஃபில்டரையும் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆயில் வாங்கப் போகும்போது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. என்ஜினைத் தயாரித்த நிறுவனம் எந்தத் தரக் குறியீட்டைக் கேட்கிறது, எந்த கிரேடு (5டபிள்யூ-30, அதாவது 5W-30 போன்றது), ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்ற மூன்று விவரங்களும் காருடன் வந்த கையேட்டில் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு போனால் அலமாரியில் உள்ள டப்பாக்களில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும். மிஞ்சியவற்றில் பெயர் பெற்ற எந்த கம்பெனியின் டப்பாவை எடுத்தாலும் என்ஜின் குறை சொல்லாது.

கையேடு கைவசம் இல்லையென்றால் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் அதே ஆண்டு மாடலுக்கானதைத் தேடுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே காரில் சாதா பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் என்று மூன்று விதமான என்ஜின்கள் வரலாம். மூன்றுக்கும் ஆயில் வேறாக இருக்கலாம். சில கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே கிரேடு பொறித்திருக்கும். ஆனால் தரக் குறியீட்டுக்குக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

கிரேடு சொல்வதும் சொல்லாததும்

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. எண் குறையக் குறைய கடுங்குளிரிலும் இளகி ஓடும். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே300 விதிப்படி 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூவை மைனஸ் 30லும், 10டபிள்யூவை மைனஸ் 25லும், 15டபிள்யூவை மைனஸ் 20லும் சோதிக்கிறார்கள். பனியே விழாத ஊரில் இந்த எண்ணுக்கு வேலையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 40 டிகிரியில் இருக்கும் சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலே, 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு கெட்டியானது. காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் சில நொடிகளில் ஆயில் மேலேறி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை எட்ட வேண்டும். அங்கே 20டபிள்யூவைவிட 5டபிள்யூ முந்திக்கொள்ளும், வெயில் காலத்திலும்கூட.

பின்னால் உள்ள எண் என்ஜின் சூடேறிய பிறகு இருக்கும் பாகுத்தன்மை. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை இருக்கும். 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை. இதோடு இன்னொரு அளவும் உண்டு, டப்பாவின் முகப்பில் அதைப் பார்க்க முடியாது. 150 டிகிரியில், பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே நசுங்கும் வேகத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதே அது. 30 கிரேடுக்கு இதில் குறைந்தபட்சம் 2.9 மில்லிபாஸ்கல்-நொடி போதும். ஆனால் ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் சி3 தரத்துக்கு 3.5 வேண்டும். ஆக, எரிபொருள் மிச்சத்துக்காகச் செய்த ஒரு 5டபிள்யூ-30ம், சி3 தரத்தில் உள்ள ஒரு 5டபிள்யூ-30ம் பெயரில் ஒன்று, வேலையில் வேறு. சி3 கேட்கும் என்ஜினில் முதல் வகையை ஊற்றினால் அதிவேகத்திலும் பாரத்திலும் ஆயில் படலம் மெலிந்து பேரிங் தேயும். கிரேடை மட்டும் பார்த்து வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

"பழைய கார், கெட்டி ஆயில் ஊற்றுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்காதவர் இருக்க முடியாது. கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகள் கொடுத்திருந்தால், ஆயில் குடிக்கும் என்ஜினுக்கு அவற்றில் கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம், அதில் தப்பில்லை. அந்தப் பட்டியலைத் தாண்டிப் போவதுதான் வம்பு. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு ஆயில் அழுத்தத்தால்தான் நகர்கிறது. குறுகலான துளைகள், சல்லடைகள் வழியாக ஆயில் போய்வர வேண்டும். 20டபிள்யூ-50 ஊற்றினால் அந்த அசைவு தாமதமாகி செக் என்ஜின் விளக்கு எரியலாம். கெட்டி ஆயிலால் மீட்டரில் அழுத்தம் கூடித் தெரிவது உண்மைதான். அதை நம்பி ஏமாற வேண்டாம். அழுத்தம் வரம்பு மீறினால் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திரும்பச் சம்புக்கே (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அனுப்பிவிடும்; பேரிங்குக்குப் போகும் அளவு குறையும்.

தரக் குறியீடுதான் முக்கியம்

அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் வரிசையில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல், எஸ்க்யூ 2025இல். பெட்ரோல் வரிசையில் புதியது பழையதன் இடத்தில் செல்லும்: எஸ்என் கேட்கும் காரில் எஸ்பி ஊற்றலாம், எஸ்பி கேட்கும் காரில் எஸ்என் கூடாது. எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ என்ஜின்களில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. குறைந்த சுற்றில் திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறு இவற்றில் உண்டு, பிஸ்டனே உடைந்துபோகலாம். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் சார்ந்த சுத்திகரிப்பு ரசாயனம் அதற்குத் துணைபோவது தெரிந்த பிறகு, சேர்மானத்தை மாற்றித்தான் எஸ்பி தரத்தைக் கொண்டுவந்தார்கள். டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்பியில்தான் சேர்ந்தது.

டீசல் காரில் புகைபோக்கிப் பாதையில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இருந்தால் ஏசிஇஏ சி வகை ஆயில்தான். டிபிஎஃபில் சேரும் கரியை எரித்துவிடலாம். ஆயிலின் உலோகச் சேர்மானங்கள் எரிந்து விடும் சாம்பலை எரிக்க வழியில்லை. அது உள்ளேயே தங்கி அடைக்கும். சி2, சி3 வகைகளில் சாம்பல் 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; சி4 வகையில் 0.5. லாரிக்கான டீசல் ஆயில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றினால், ஆயிலில் மிச்சம் பிடித்த பணம் டிபிஎஃப் மாற்றுவதில் பல மடங்காகப் போகும்.

ஐரோப்பிய கார்களுக்கு இதற்கும் மேல் நிறுவனத்தின் சொந்த எண் இருக்கும்: ஃபோக்ஸ்வேகன் 504 00/507 00, மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 என்பது போல. டப்பாவின் பின்பக்கத்தில் இங்கேதான் வார்த்தை விளையாட்டு. "அனுமதி பெற்றது" என்றால் கார் நிறுவனம் அந்த ஆயிலைப் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறது. "பொருந்தும்", "பரிந்துரைக்கப்படுகிறது", "தேவைகளை நிறைவு செய்கிறது" என்றிருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வாரண்டி உள்ள காருக்கு முதல் வகைதான் பாதுகாப்பு.

டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் என்ஜின்களில் விஷயம் இன்னும் கடுமை. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பிஎஸ்ஏ குழுமத்தின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் ஆகியவற்றில் இந்த அமைப்பு வந்தது. தவறான ஆயிலோ, பெட்ரோல் கலந்து கெட்டுப்போன ஆயிலோ பெல்ட்டின் ரப்பரை உரித்துவிடும். உரிந்த துகள் சம்பில் உள்ள உறிஞ்சு குழாயின் சல்லடையை அடைக்கும், அழுத்தம் விழும், டர்போவும் பேரிங்கும் போகும். இந்த வகைக் கார் வைத்திருப்பவர் கையேட்டிலுள்ள எண்ணை விட்டு ஒரு அடிகூட விலகக் கூடாது.

மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 0டபிள்யூ கிரேடுகளும் இன்றைய உயர்ந்த தரக் குறியீடுகளும் மினரலில் வராது. குறியீட்டைச் சரியாகப் பிடித்தால் இந்தத் தேர்வு தானாக முடிந்துவிடும். வழியில் அளவு குறைந்து, அதே தரத்தில் வேறு பிராண்டு ஒரு லிட்டர் ஊற்ற நேர்ந்தாலும் பயமில்லை. மேலே தனியாக வாங்கி ஊற்றும் "என்ஜின் டானிக்" பாட்டில்கள் தேவையில்லை. சேர்மானங்களின் அளவை ஆயில் தயாரித்தவர் ஏற்கெனவே கணக்குப் பார்த்துத்தான் கலந்திருக்கிறார்.

ஃபில்டர்: வெளியே தெரியாத இரண்டு வால்வுகள்

திருகி மாட்டும் ஃபில்டர்கள் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதனால்தான் "கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, போதும்" என்று மாட்டிவிடுகிறார்கள். உள்ளே பைபாஸ் வால்வு ஒன்று இருக்கிறது. ஃபில்டர் தாள் அடைத்துக்கொண்டாலோ, குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்தாலோ, அது திறந்து ஆயிலை வடிகட்டாமலே என்ஜினுக்கு விடும். அழுக்கு ஆயிலாவது போகட்டும், வறண்டு ஓடக் கூடாது என்பதுதான் கணக்கு. அது எந்த அழுத்த வேறுபாட்டில் திறக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். குறைந்த அழுத்தத்திலேயே திறப்பதை மாட்டினால் பாதி நேரம் வடிகட்டாத ஆயில்தான் சுற்றும். சில என்ஜின்களில் இந்த வால்வு பிளாக்கிலேயே இருக்கும். அவற்றின் ஃபில்டரில் வால்வே இருக்காது. அந்த ஃபில்டரை வேறு என்ஜினில் மாட்டினால், அடைத்துக்கொள்ளும் நாளில் ஆயிலுக்கு வேறு வழியில்லை.

இரண்டாவது, என்ஜினை அணைத்த பிறகு ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு. படுக்கை வசமாகவோ தலைகீழாகவோ மாட்டும் ஃபில்டருக்கு இது உயிர்நாடி. மலிவானவற்றில் நைட்ரைல் ரப்பர். சூட்டில் சில மாதங்களில் விறைத்துவிடும். சிலிக்கோன் நீண்ட நாள் தாங்கும். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வந்து அடங்குகிறதா? என்ஜினைப் பிரிப்பதற்கு முன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

மரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எம்20×1.5, முக்கால் அங்குலம்-16 என்ற இரண்டு அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். என்ஜினில் அந்த அளவுள்ள தண்டில் எம்20 ஃபில்டர் தளர்வாக ஏறி, இறுகியது போலவும் நிற்கும். ஓட்டும்போது அழுத்தத்தில் கழன்று மொத்த ஆயிலும் ரோட்டில் கொட்டும். எனவே பார்வையால் அளக்காமல் பாகத்தின் எண்ணைக் கொண்டு வாங்குங்கள்.

வடிகட்டும் திறனைப் பொறுத்தவரை "20 மைக்ரான்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 20 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது என்று ஐஎஸ்ஓ 4548-12 சோதனையின்படி சொல்லியிருக்க வேண்டும். காகித ஃபில்டர் வழக்கமான இடைவெளிக்குப் போதும். 15,000 கிலோமீட்டர் போன்ற நீண்ட இடைவெளி வைத்திருக்கும் கார்களுக்குச் செயற்கை இழை உள்ளது நல்லது.

மாற்றும்போது

என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி இளஞ்சூடாக்குங்கள், கொதிக்க வேண்டாம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் போக வேண்டும். மேல் மூடியைத் திறந்துவிட்டு டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் ஆயில் தடையின்றி இறங்கும். 10, 15 நிமிடம் சொட்டவிடுங்கள். போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறைதான் நசுங்கும், புதிதாகப் போடுங்கள். இறுக்கம் பெரும்பாலான கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும், சரியான எண் கையேட்டில். அலுமினிய சம்பில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். என்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புதியது ஏறினால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் பீய்ச்சியடிக்கும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, அது தொட்டபின் கையால் முக்கால் சுற்று திருகினால் போதும், ஸ்பேனர் கழற்றத்தான். உள்ளே செருகும் கார்ட்ரிட்ஜ் வகையில் மூடியின் பெரிய ஓ-ரிங்கை அதற்குரிய பள்ளத்திலேயே மாட்டுங்கள், ஒரு மரை தள்ளி உட்கார்ந்தாலும் கசியும். நடுவில் உள்ள பிளாஸ்டிக் தண்டு பழைய ஃபில்டரோடு குப்பைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஃபில்டர் உள்வாங்கி நசுங்கும்.

கையேட்டில் உள்ள அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, என்ஜினை ஓட்டுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், அதுவரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும்; நுரை பேரிங்கைத் தாங்காது. கூடினால் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆயில் சீக்கிரம் கறுத்தால் கெட்டுவிட்டது என்று பொருளில்லை, டீசலில் முதல் நாளே கறுக்கும். கவனிக்க வேண்டியது அளவு. ஊற்றாமலே மட்டம் ஏறினால் டீசல் அல்லது பெட்ரோல் கலக்கிறது. குறுகிய தூர ஓட்டத்தில், டிபிஎஃப் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோகும் கார்களில் இது சகஜம். பாலாடை நிறத்தில் மாறினால் கூலண்ட் கலந்திருக்கலாம், காரை ஓட்டாதீர்கள். தினமும் ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டும் ஓடும் கார், தூசிப் பாதை, இழுவை வண்டி, நெரிசலில் நின்று நின்று போவது ஆகியவற்றுக்குக் கையேட்டிலேயே கடின உபயோக இடைவெளி தனியாக இருக்கும், வழக்கமானதில் ஏறத்தாழ பாதி. ஓடாமல் நின்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். கூலண்ட், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் அதோடு கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். ஃபில்டரையும் ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்ட பிறகு அதே இடத்தில் சேர்த்துவிடலாம்.