வயதுக் கணக்கில் விடை 0 வந்தபோது

அப்பாவின் வயது மகனைப்போல் 4 மடங்கு. 5 ஆண்டு கழித்து 3 மடங்கு. மகன் வயதை x என வைத்து, 4x + 5 = 3x + 5 என்று எழுதினேன். x = 0! மூன்று நாள் இதிலேயே போனது. கூட்டல், கழித்தலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். அப்பாவுக்கு y என்று தனி மாறி வைத்தும் அதே 0.

பிறகு 5 ஆண்டை 8 ஆக்கிப் பார்த்தேன். அப்போதும் 0. ஆண்டை மாற்றியும் விடை நகரவில்லை என்றால், இருபுறமும் அந்த எண் அடிபட்டுப் போகிறது என்றுதானே பொருள்? தவறு கணக்கிடுவதில் இல்லை, சமன்பாட்டில்தான்.

‘இன்று’, ‘5 ஆண்டு கழித்து’ என இரண்டு கட்டம் போட்டேன். இரண்டாவது கட்டத்தில் மகனுக்கு x + 5. 3 மடங்கு என்பது அந்த x + 5 முழுவதற்கும், அடைப்புக்குறியைத்தான் விட்டிருக்கிறேன். 4x + 5 = 3(x + 5), அதாவது 3x + 15. x = 10, அப்பாவுக்கு 40. ஐந்து ஆண்டில் 15, 45. அப்பாடா!