ஆட்டோஃபோகஸ் ரேஞ்ச்ஃபைண்டர்: ரோலைக் கெடுக்கும் தவறுகள்

காண்டாக்ஸ் ஜி1, ஜி2, கோனிகா ஹெக்ஸார் மாதிரி, தூரத்தைத் தானே அளந்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமராக்களைப் பழையதாக வாங்கிப் பழகுகிறவர்கள் தங்கள் நெகட்டிவ்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பத்தில் எட்டுப் பேரின் புகார் ஒன்றுதான்: "ஃபோகஸ் சரியில்லை, கேமரா பழுது." பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. லென்ஸ் மூடி, ஃபிலிம் வேகம் போன்ற விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு ரோலே கற்றுக்கொடுத்துவிடும்.

வ்யூஃபைண்டரில் தெளிவாகத் தெரிகிறது என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். எஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ஃபோகஸ் தவறினால் கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸோடு சம்பந்தமில்லாத தனி ஜன்னல் வழியாக, அதுதான் வ்யூஃபைண்டர். லென்ஸ் எந்தத் தூரத்தில் நின்றாலும் அந்த ஜன்னலில் எல்லாமே பளிச்சென்று இருக்கும். கையால் ஃபோகஸ் செய்யும் லைக்கா ரேஞ்ச்ஃபைண்டரிலாவது இரண்டு பிம்பங்கள் ஒன்று சேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஆட்டோஃபோகஸ் வகையில் அதுவும் கிடையாது. அதனால் தவறு நடந்தது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்.

ஒரு தம்பி தன் அக்கா கல்யாணத்துக்கு ஜி1-ஐயும் 90 மிமீ சோனார் லென்ஸையும் எடுத்துப் போயிருந்தான். மணமக்கள் இருவரையும் நடுவில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/2.8-இல் வரிசையாக எடுத்திருக்கிறான். படத்துக்குப் படம் பின்னாலிருந்த பூ அலங்காரத்தில் ஒவ்வொரு இதழும் எண்ணக்கூடிய அளவுக்குக் கூர்மை, முகங்கள் மட்டும் புகை. கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நடுவிலிருக்கும் சின்ன ஃபோகஸ் கட்டம் இரண்டு தலைகளுக்கு இடையே இருந்த இடைவெளியில் விழுந்தது, பின்னால் தெரிந்த பூவைப் பிடித்துக்கொண்டது. முக்கியமான ஒரு நாள் முழுவதும் வீணாகிவிட்டது.

இரண்டு மீட்டர் தூரத்தில், அந்த லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் கூர்மையாக இருக்கும் பகுதி முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர்தான். அதில் ஊகத்துக்கு இடமே இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கட்டத்தை ஒருவர் முகத்தின் மேல், முடிந்தால் கண்ணின் மேல், வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். வ்யூஃபைண்டருக்குள் அடியில் தெரியும் தூர அளவைப் பாருங்கள். ஆள் இரண்டு மீட்டரில் நிற்கிறார், அளவு நான்கு காட்டுகிறதா? விரலை எடுத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். சரியாக வந்த பிறகு விரலை எடுக்காமல் ஃப்ரேமை அமைத்துக்கொண்டு முழுவதும் அழுத்துங்கள். ஜி2-இல் பின்பக்கம் ஃபோகஸைப் பூட்டத் தனி பட்டனே இருக்கிறது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழகாதவர் கையில் இந்தக் கேமரா பாதிதான் வேலை செய்யும். வீட்டுக்குள் நாற்காலி, கதவு, அலமாரி என்று மதிப்பிட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு வாரத்தில் கண்ணுக்கு வந்துவிடும்.

அகன்ற லென்ஸில் இவ்வளவு கவலை வேண்டாம். 28 மிமீ பயோகான் லென்ஸின் துளையை எஃப்/8-க்குச் சுருக்கி, ஃபோகஸை மேனுவலில் 3.3 மீட்டருக்கு வைத்துவிட்டால் ஒன்றரை மீட்டரைத் தாண்டியதிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். தெருவில் ஆட்டோஃபோகஸே தேவைப்படாது.

கோடில்லாத இடத்தில் கோடு தேடவைப்பது

1994-இல் வந்த ஜி1 இரண்டு ஜன்னல்கள் வழியாக வரும் பிம்பங்களை ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிக்கிறது. ஜன்னல்கள் பக்கவாட்டில் இருப்பதால் அதற்குச் செங்குத்தான விளிம்புகள் வேண்டும். வெள்ளைச் சுவர், கிடைக்கோடு போட்ட சட்டை, படிக்கட்டு இவற்றில் தடுமாறும். கிடைக்கோடு என்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸைப் பிடித்துவிட்டு மறுபடி படுக்கையாக வைத்து எடுங்கள். 1996-இல் வந்த ஜி2 இத்துடன் அகச்சிவப்புக் கதிரையும் சேர்த்துக்கொண்டதால் வெளிச்சம் குறைந்த அறையிலும் நன்றாகவே சமாளிக்கிறது.

கண்ணாடி வழியாக ஹெக்ஸார்

ஹெக்ஸார் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அளக்கிறது. ரயில் ஜன்னல் கண்ணாடியிலேயே கதிர் பட்டுத் திரும்பினால் வெளியே இருக்கும் மலை மங்கிவிடும். மேனுவலில் முடிவிலிக்கு வைத்து எடுங்கள்.

விரல்

கேமராவின் முன்பக்கம் இருக்கும் ஃபோகஸ் ஜன்னலை விரலால் மறைக்காதீர்கள்.

பேட்டரி

ஜி வகைக்கு இரண்டு சிஆர்2, ஹெக்ஸாருக்கு ஒரு 2சிஆர்5. தீர்ந்தால் கேமரா வெறும் பெட்டி, பையில் மாற்று இருக்கட்டும்.

பார்க்காமல் வாங்குவது

காண்டாக்ஸைத் தயாரித்த கியோசெரா 2005-இல் கேமராத் தொழிலையே விட்டது. உதிரி பாகம் என்றால் இன்னொரு செத்த கேமராவிலிருந்து கழற்றியதுதான். ஜி1-இல் மேலிருக்கும் எல்சிடி கருத்துக் கசிந்திருக்கிறதா பாருங்கள். ஹெக்ஸாரில் ஷட்டர் பட்டனைப் பலமுறை பாதி அழுத்திப் பாருங்கள், உள்ளிருக்கும் மின்தொடர்பு தேய்ந்திருந்தால் ஃபோகஸ் ஒருமுறை பிடிக்கும், ஒருமுறை பிடிக்காது. அப்புறம், 35 மிமீ பிளானரோ 21 மிமீ பயோகானோ வாங்கும் எண்ணம் இருந்தால் ஜி1-இன் பின்கதவைத் திறந்து ஃபிலிம் அறைக்குள் பச்சை லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வெள்ளி லேபிள் கேமராவில் அந்த இரண்டு லென்ஸும் வேலை செய்யாது.