ஆசாரித் தாத்தாவின் வாழ்க்கையைத் தொகுத்து வைப்பது எப்படி

எங்கள் தாத்தா திருச்சி உறையூரில் தச்சு ஆசாரி. தொண்ணூறு தாண்டி இருந்தார். எழுபது வயது வரை உளி பிடித்தார். தலைத்திவசத்துக்குள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுவது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். தொகுக்கும் வேலை பேத்தியான என்னிடம் வந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு தச்சரோ கொல்லரோ தறிக்காரரோ நெடுங்காலம் உழைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தால், நான் செய்த விதம் உதவும்.

"பாசமானவர், உழைப்பாளி, நேர்மையானவர்" என்று தொடங்காதீர்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் யார் பெயருக்குக் கீழேயும் அந்த வரி பொருந்தும். கைத்தொழில் செய்தவரை அவர் வேலையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அதனால் முதலில் கருவிப் பெட்டியைத் திறங்கள். மரத்தை வழவழப்பாக்கும் இழைப்புளி, உளியைத் தட்டும் கொட்டாப்புளி, மரத்தைச் செதுக்கும் வாச்சி, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய வேட்டி மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். தாத்தாவின் இழைப்புளியில் கட்டைவிரல் படுகிற இடம் லேசாகக் குழிந்து, அங்கே மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கிறது. அவர் கை பட்டுப் பட்டு ஆனது அது. தேய்த்தால் போய்விடும். துரு ஏறியிருந்தால் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு இரும்பில் மட்டும் தடவுங்கள்.

அடுத்தது ஆட்களைப் பேச வைப்பது. "தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க சித்தப்பா" என்று கேட்டால் "என்னத்தம்மா சொல்றது, தங்கமான மனுஷன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். வாச்சியைக் கையில் கொடுத்து, "இதை உங்களை எப்போ தொட விட்டாரு?" என்று கேளுங்கள். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உளி தீட்டத் தெரியாதவன் வாச்சியைத் தொடக் கூடாதும்பாரு. முழங்கை முடி சிரையுற அளவுக்குக் கூர் வரணும்" என்று ஆரம்பித்தார். பிறகு நான் கேள்வியே கேட்கவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். இடையில் அழுதால் பதிவை நிறுத்த வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருங்கள், அவர்களே தொடர்வார்கள்.

குடும்பத்தின் மேல் அவர் வைத்திருந்த பிரியத்தைத் தெரிந்துகொள்ளப் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். சனிக்கிழமைக் கூலி யார் கைக்குப் போனது? யார் கல்யாணத்துக்கு எதை விற்றார்? அப்பாயி சொன்னது இது: "சம்பளத்தை எண்ணாம எங்கிட்ட குடுப்பாரு. திங்கக்கிழமை காலையில பஸ்ஸுக்கு எங்கிட்டதான் கேப்பாரு." இதைச் சொன்னபடியே போட்டேன். பேச்சு மொழியைத் திருத்தி எழுதினால் சொன்னவரின் குரல் போய்விடும்.

காலத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். "எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஊருக்கு நடந்ததை வைத்துக் கேளுங்கள். உறையூரில் 1977 நவம்பர் வெள்ளத்தை மறந்தவர் இல்லை, "வெள்ளத்துக்கு முன்னயா பின்னயா?" என்றால் உடனே பதில் வரும். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரக் கும்பாபிஷேகம் 1987 மார்ச், அதே ஆண்டு டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த வருஷத்துக்கு ஜாதகத்தைப் பாருங்கள். ரேஷன் கார்டு வயது குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கலாம். தாத்தா ஆங்கீரச வருஷம், தை மாதம். ஆங்கீரச 1932 ஏப்ரலில் பிறந்தது என்பதால் 1932 என்று எழுதிவிடக் கூடாது. தை மாதம் வருவது 1933-இல். அறுபது வருஷம் கழித்து அதே ஆங்கீரச திரும்பி வந்தபோது அறுபதாம் கல்யாணம் நடந்திருக்கும். அந்த ஆல்பத்தைத் தேடி எடுங்கள்; ஒரே படத்தில் மொத்தக் குடும்பமும் நிற்கும். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், இருந்த இடத்திலேயே ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள்.

கணக்கு நோட்டில் பென்சில் மங்கியிருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பாருங்கள், எழுத்து தெரியும். கூலி அணாவில் இருந்தால் அந்தப் பக்கம் நயா பைசா வந்த 1957 ஏப்ரலுக்கு முன்னதாக இருக்கலாம். ஆனால் நாலணா, எட்டணா என்ற பேச்சு அதன் பிறகும் வெகுகாலம் இருந்ததால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். "3 அங்குலம் 5 நூல்" என்பதைச் சென்டிமீட்டருக்கு மாற்ற வேண்டாம். எட்டு நூல் ஓர் அங்குலம் என்று ஓரத்தில் ஒரு குறிப்புப் போதும்.

நோட்டில் இருக்கும் வீடுகளுக்குப் போங்கள். நான் போன வீடுகளில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, "எங்க வாசல் உங்க தாத்தா வச்சதா!" என்று உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். நிலைவாசலில் காலும் மேல்கட்டையும் சேருகிற மூலையைக் கிட்டப் போய்ப் படம் எடுங்கள். தாத்தா பொருத்திய மூலையில் இன்றும் நகம் நுழையாது. மகாலட்சுமி செதுக்கலைவிட அந்த மூலைதான் அவருக்குப் பெருமை, அதனால் அட்டைப்படமாக அதையே வைத்தேன்.

குடும்ப விவரம் எழுதும்போது மருமகள்கள், மகள்கள், அவர்களின் பிள்ளைகள் எல்லோர் பெயரும் வரட்டும். அவரிடம் வேலை பழகியவர்கள் பெயரும் அதே பக்கத்தில் வர வேண்டும். வருஷக்கணக்கில் அவர் வீட்டில் சாப்பிட்டவர்கள் அவர்கள்.

எழுத்தைப் பெரிதாக வைத்து அச்சடியுங்கள், வயதானவர்கள்தான் முதலில் படிப்பார்கள். கடைசியில் நாலைந்து வெற்றுப் பக்கம் விடுங்கள். புத்தகம் கைக்குப் போன பிறகு, "எங்க வீட்டு ஊஞ்சலும் அவர் செஞ்சதுதான்" என்று யாராவது போன் செய்வார்கள். அதை எழுத இடம் வேண்டும்.