எலி நரம்பும் மைக்ரோஅரேயும்: சிக்னலை அளவென்று நம்பும் தவறும், வேறு சிலவும்

சென்ற மாதம் தஞ்சாவூரில் நடந்த ஒரு சிறு பயிற்சி முகாமில், கும்பகோணத்திலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வந்திருந்த முதுகலை மாணவர்கள், எலியின் தொடை வழியே ஓடும் சியாட்டிக் நரம்பில் எடுக்கப்பட்ட பழைய மைக்ரோஅரே (ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே சிப்பில் பார்க்கும் முறை) தரவைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, 'அதிகம் வெளிப்படும் மரபணுக்கள்' என்று ஒரு பட்டியலைத் திரையில் காட்டினார்கள். நான்கு குழுக்களில் மூன்று குழுக்களின் பட்டியல், ஆய்வு மாணவியாக இருந்தபோது நான் போட்ட பட்டியலைப் போலவே இருந்தது. அதே வரிசை, அதே விளக்கம், அதே பிழை. என் தவறுகளை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

கையுறை போடுவது, குழாயில் பெயர் எழுதுவது, ஆர்.என்.ஏ.வைப் பனிக்கட்டியில் வைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் அவை முதல் பக்கத்திலேயே இருக்கும்.

நரம்பில் நியூரானைத் தேடுவது

"அக்கா, நரம்பைத்தானே எடுத்தோம்? நியூரான் மரபணு ஒன்றுகூட மேலே வரவில்லையே, சாம்பிள் கெட்டுவிட்டதா?" என்று முகாமில் ஒரு மாணவி கேட்டாள். சாம்பிள் கெடவில்லை. சியாட்டிக் நரம்பை வெட்டி எடுக்கும்போது நம் கைக்கு வருவது நியூரானின் நீண்ட இழையான ஆக்சான் மட்டுமே. அதன் உடலும் உட்கருவும், உணர்வு நியூரானாக இருந்தால் எல்4, எல்5 முதுகு வேர் முடிச்சுகளிலும், இயக்க நியூரானாக இருந்தால் தண்டுவடத்தின் முன்கொம்பிலும் இருக்கின்றன. ஆக்சானுக்குள்ளும் சிறிதளவு எம்.ஆர்.என்.ஏ. உண்டு என்றாலும், நரம்புத் துண்டிலிருந்து நாம் பிரிக்கும் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி, ஆக்சானைச் சுற்றி மயலின் என்ற உறையைப் போடும் ஷ்வான் செல்களுடையது. மீதியில் நாரணுக்கள், இரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்கள், மேக்ரோஃபேஜ்கள் ஆகியவற்றின் பங்கு இருக்கிறது. ஆகவே எம்.பி.இசட்., பி.எம்.பி.22, எம்.பி.பி. ஆகிய மயலின் மரபணுக்களும் கொலாஜன் மரபணுக்களும் பட்டியலின் உச்சியில் நிற்பது இயல்பு. நியூரானைப் பற்றித்தான் கேள்வி என்றால், முதுகு வேர் முடிச்சைத் தனியே எடுக்க வேண்டும்.

கத்தரிக்கோலில் ஒட்டிவரும் தசை

எலியின் தொடைத் தசைகளை விலக்கிப் பார்த்தால், சியாட்டிக் நரம்பு ஈரமான வெண்ணூல் போலப் பளபளத்துக் கிடக்கும். வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற அந்த நூலை டிசெக்டிங் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தால், வெளியுறையின் மேல் கொழுப்புத் துணுக்குகளும், இளஞ்சிவப்பாக இரண்டு மூன்று தசை இழைகளும், மெல்லிய இரத்தக் குழாய் ஒன்றும் ஒட்டியிருப்பதைக் காணலாம். தசை இழையில் ஏ.சி.டி.ஏ.1, சி.கே.எம். ஆகிய மரபணுக்கள் மிகுந்த அளவில் வெளிப்படுவதால், ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அவை பட்டியலில் ஏறிவிடும். கொழுப்பு ஒட்டியிருந்தால் அடிபோனெக்டினும், இரத்தம் இருந்தால் ஹீமோகுளோபின் மரபணுக்களும் வந்து சேரும். முகாமில் ஒரு குழு, சி.கே.எம். மேலே நிற்பதைக் கண்டு நரம்பின் ஆற்றல் தேவையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தது. அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. அறுத்தவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர் என்னும்போது இது நேரத்தான் செய்யும். ஆயினும் எந்தப் பட்டியலையும் விளக்கத் தொடங்குமுன் இந்த நான்கைந்து மரபணுக்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அறுக்கும் நேரம்

கட்டுப்பாட்டு எலிகளைக் காலையிலும் நரம்பில் காயப்படுத்திய எலிகளை மாலையிலும் அறுக்காதீர்கள்; நேரத்தால் வந்த வேறுபாடு காயத்தால் வந்ததுபோலத் தெரியும்.

சிக்னலை அளவென்று நம்புவது

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். என் எட்டு மாத உழைப்பைத் தின்றதும் இதுதான்.

நான் பயன்படுத்தியது அஃபிமெட்ரிக்ஸின் ராட் ஜீனோம் 230 2.0 சிப், அதில் ஏறத்தாழ 31,000 புரோப் தொகுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுப்பிலும் பெரும்பாலும் 11 இணைப் புரோப்கள்; ஒவ்வொரு புரோபும் ஒரு மரபணுவின் துண்டைப் பற்றிக்கொள்வதற்கான, 25 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. இழை. சாம்பிளின் ஆர்.என்.ஏ.விலிருந்து நகலெடுத்து, நொறுக்கிய, நிறமி ஏற்றத்தக்க சி.ஆர்.என்.ஏ.வைச் சிப்பில் ஊற்றி, 45 டிகிரியில் 16 மணி நேரம் சுழலவிட்டுக் கழுவி, நிறமி ஏற்றி ஸ்கேன் செய்தால், எந்தப் புரோபில் எவ்வளவு வெளிச்சம் என்பது எண்ணாகக் கிடைக்கும்; அதுவே சிக்னல். அந்த எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, எம்.பி.இசட். இன்ன மரபணுவைவிட இத்தனை மடங்கு அதிகம் வெளிப்படுகிறது என்று ஆய்வேட்டு வரைவில் எழுதினேன். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. ஜி, சி எழுத்துகள் மிகுந்த புரோப் தன் இணையை இறுகப் பற்றும். குறைந்த புரோப் தளர்வாகப் பற்றும். ஒரே அளவு எம்.ஆர்.என்.ஏ. உள்ள இரண்டு மரபணுக்கள், புரோப் அமைந்த விதத்தால் மட்டுமே வெவ்வேறு சிக்னலைத் தரக்கூடும். ஒரு புரோபை வேறொரு சிப்பில் உள்ள அதே புரோபோடு ஒப்பிடலாம். ஒரே சிப்பில் இருக்கிற இரு வேறு மரபணுக்களை எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. 'மிக அதிகம், நடுத்தரம், குறைவு' என்று மூன்றாகப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் குற்றமில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு அடுத்து வந்தது. நரம்பை நசுக்கி ஏழு நாள் கழித்து எடுத்த சாம்பிள்களை நல்ல நரம்போடு ஒப்பிட்டபோது, எம்.பி.இசட். ஏறக்குறைய மாறாமல் இருப்பதாகத் தெரிந்தது. லாக்2 அளவில் வேறுபாடு 0.4, அதாவது சுமார் 1.3 மடங்கு. காயத்தையும் தாங்கி நிற்கிற மயலின் மரபணு என்று ஒரு கதையை நானே கட்டிக்கொண்டு, அதற்குக் காரணம் தேடி, திசுவை மெல்லிதாக வெட்டி, நிறமேற்றி, கட்டுப்படுத்தும் புரதங்களைத் தேடி எட்டு மாதம் செலவிட்டேன்.

டெல்டாக்காரர்களுக்கு இந்தப் பிழையை விளக்க மேட்டூர் அணையே போதும். அணையின் நீர்மட்டம் 60 அடியிலிருந்து 90 அடிக்கு ஏறினால் தண்ணீர் வந்திருக்கிறது என்று அறிகிறோம். 120 அடி நிரம்பிவிட்டால், விநாடிக்கு 50,000 கன அடி வந்தாலும் 1 லட்சம் கன அடி வந்தாலும், வருகிற நீர் வெளியேற்றப்படுவதால் செய்தியில் 120 அடி என்றே வாசிக்கிறார்கள். அந்த இரண்டு நாள்களுக்கும் உள்ள வேறுபாடு கொள்ளிடக் கரையில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும். எம்.பி.இசட். போன்ற மரபணு நல்ல நரம்பில் அணையை நிரப்பி வழிந்துகொண்டிருக்கிறது. புறநரம்பு மயலினின் புரதத்தில் ஏறத்தாழப் பாதி, இந்த மரபணு தருகிற பி-ஜீரோ புரதம்தான் என்பதை நினைத்தால், அதன் எம்.ஆர்.என்.ஏ. எவ்வளவு குவிந்திருக்கும் என்பது விளங்கும். காயத்துக்குப் பிறகு அந்த வெள்ளம் வெகுவாக வடிந்தாலும், அணை நிரம்பும் அளவுக்கு நீர் இருக்கும்வரை சிப் பழைய எண்ணையே காட்டும்.

இந்த நிரம்பல் மூன்று இடங்களில் நேர்கிறது. மூன்றையும் தனித்தனியே பார்க்கத் தெரிய வேண்டும். முதலாவது புரோப்பில்: அங்குள்ள இழைகளில் பெரும்பாலானவை இணை பற்றிக்கொண்ட பின், கூடுதலாக வரும் சி.ஆர்.என்.ஏ.வுக்கு ஒட்ட இடமில்லை. இரண்டாவது ஸ்கேனரில்: அது 16 பிட் கருவி என்பதால் 65,535 என்ற எண்ணுக்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆனால் புரோப் அந்த எண்ணுக்கு வெகு கீழேயே நிரம்பிவிடக்கூடும் என்பதால், 65,535ஐ எட்டவில்லை, ஆகவே கவலையில்லை என்று முடிவுகட்டக் கூடாது. நானும் அப்படித்தான் முடிவுகட்டினேன். மூன்றாவது கணக்கில்: சிப்களின் எண்களைச் சமன்படுத்திச் சுருக்கும் ஆர்.எம்.ஏ. முறையில் உள்ள குவான்டைல் சமன்படுத்தல், எல்லாச் சிப்களிலும் முதலிடம் பிடித்த புரோபுக்கு ஒரே மதிப்பையும், இரண்டாமிடத்துக்கு ஒரே மதிப்பையும் கொடுத்துக்கொண்டே போகிறது. நல்ல நரம்பிலும் காயப்பட்ட நரம்பிலும் ஒரே புரோப் முதலிடத்தில் நின்றால், இரண்டுக்கும் இடையில் மிஞ்சியிருந்த கொஞ்சநஞ்ச வேறுபாட்டையும் கணக்கு துடைத்துவிடும். நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு மிக நல்ல முறை இது. உச்சியில் உள்ளவற்றுக்கு ஆகாது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதை நீர்க்கச் செய்து கியூ.பி.சி.ஆரில் பார்த்தாயா, அம்மா?" என்று மட்டும் கேட்டார். கியூ.பி.சி.ஆர். என்பது ஒரு மரபணுவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் முறை. ஆர்.என்.ஏ.வின் டி.என்.ஏ. நகலான சி.டி.என்.ஏ.வை நூறு மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டியபோது, காயப்பட்ட நரம்பில் எம்.பி.இசட். வெகுவாகச் சரிந்திருந்தது. ஆக்சானின் தொடர்பு அறுந்தால் ஷ்வான் செல் மயலின் மரபணுக்களைக் குறைத்துக்கொள்ளும் என்பது 1990ஆம் ஆண்டு வாக்கிலேயே அறியப்பட்ட செய்தி. அதை நான் படித்திருந்தும், படித்ததைவிடச் சிப்பின் எண்ணை நம்பினேன். கியூ.பி.சி.ஆரிலும் நீர்க்கச் செய்வது அவசியம். மிகுந்துள்ள மரபணு முதல் பத்துப் பன்னிரண்டு சுழற்சிகளிலேயே மேலேறத் தொடங்கினால், கருவி அடிக்கோடு கணக்கிடும் இடமும் அதுவாகிப்போய், சிக்னல் வரம்பைத் தாண்டும் சுழற்சியைக் குறிக்கும் சி.டி. மதிப்பு பிழையாகும்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். சுருக்கிய அட்டவணையோடு நிற்காமல், ஒவ்வொரு புரோபின் வெளிச்சமும் பதிவாகியிருக்கும் மூலக் கோப்பை (.CEL) திறந்து, சந்தேகமுள்ள மரபணுவின் 11 புரோப்களையும் தனித்தனியே பார்க்கிறேன். தளர்வாகப் பற்றும் புரோப்கள் காயத்துக்குப் பின் இறங்கியும், இறுகப் பற்றும் புரோப்கள் அசையாமலும் இருந்தால், அது நிரம்பல். ஹைபிரிடைசேஷனில், அதாவது சி.ஆர்.என்.ஏ. சிப்பில் ஒட்டும் கட்டத்தில், சேர்க்கும் பயோபி, பயோசி, பயோடி, கிரி ஆகிய நான்கு கட்டுப்பாடுகள் 1.5, 5, 25, 100 பிக்கோமோலார் அளவுகளில் இருப்பதால், அவற்றின் சிக்னல் ஏணிப்படி போல ஏறுகிறதா, மேல்படியில் வளைகிறதா என்றும் பார்க்கிறேன். உச்சியில் வளைவு தெரிந்தால், அதற்கு மேல் உள்ள மரபணுக்களின் மடங்கு எண்ணை நான் எழுதுவதில்லை. 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்றே எழுதுகிறேன்.

எலிகளைக் கலப்பது

ஒரு நரம்பில் ஆர்.என்.ஏ. குறைவாகக் கிடைப்பதால் மூன்று எலிகளின் நரம்பை ஒன்றாகக் கலந்து ஒரு சிப்பில் போடுவதுண்டு. அதைச் செய்தால், கணக்கில் அது மூன்று எலி அல்ல, ஒன்று. மூன்று சிப்கள் வேண்டுமென்றால் ஒன்பது எலிகள் வேண்டும். அதையும் விலங்கு நெறிக்குழுவின் விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஜி.ஏ.பி.டி.எச்.

மற்ற மரபணுக்களை ஒப்பிட அளவுகோலாக வைக்கப்படும் இந்த மரபணு, காயப்பட்ட நரம்பில் மாறாமல் இருக்கும் என்று சோதிக்காமல் நம்பாதீர்கள்.

மின்சாரம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காத இரவில், மைனஸ் 80 குளிர்பெட்டியில் இருந்த நரம்புகளைக் காப்பாற்றியது, மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்தைச் சேமிக்கும் திரவ நைட்ரஜன் கேன். தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் கொடுத்து உதவினார். அதில் எல்லாவற்றுக்கும் இடம் போதவில்லை. நான் செய்த தவறு அதன் பிறகு நடந்தது. இளகி மறுபடி உறைந்த ஆறு சாம்பிள்களை, ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ஆர்.ஐ.என். எண் குறைந்திருந்தும், மற்றவற்றோடு சேர்த்து ஓட்டினேன். சிதைந்த ஆர்.என்.ஏ.வில் வால் பக்கத்துக்கு அருகில் உள்ள துண்டுகள் மட்டுமே பெருக்கத்தில் நன்றாக வரும் என்பதால், அந்தச் சிப்கள் நோயையோ காயத்தையோ அல்லாமல் புயலைத்தான் அளந்தன. ஜி.ஏ.பி.டி.எச்., பீட்டா ஆக்டின் ஆகியவற்றின் 3'/5' விகிதம் (வால் பக்கச் சிக்னலுக்கும் தலைப் பக்கச் சிக்னலுக்கும் உள்ள விகிதம்) மற்றச் சிப்களிலிருந்து விலகி நின்றதைக் கண்ட பிறகே அவற்றை நீக்கினேன்.

0.05

31,000 புரோப் தொகுப்புகளை 0.05 என்ற புள்ளியியல் வரம்பில் சோதித்தால், எதுவுமே மாறாதபோதும் சுமார் 1,550 தொகுப்புகள் மாறியதாக வரும். இப்படிப் பல சோதனைகளை ஒன்றாகச் செய்யும்போது வரும் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்த பெஞ்சமினி, ஹோக்பெர்க் 1995இல் தந்த திருத்தத்தைப் போடாமல் எந்தப் பட்டியலையும் என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மீந்த கலவையைக் கொட்டுவது

16 மணி நேரம் முடிந்து சிப்பிலிருந்து வெளியே எடுக்கும் ஹைபிரிடைசேஷன் கலவையைக் குழாயில் திரும்ப ஊற்றி, தேதியும் எலி எண்ணும் எழுதி, குளிர்பெட்டியில் வையுங்கள். நிரம்பல் இருப்பதாகப் பின்னால் சந்தேகம் வந்தால், நீர்க்கச் செய்து இன்னொரு சிப்பில் ஓட்டிப் பார்க்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். என்னுடையதை நான் அன்றைக்கே தொட்டியில் ஊற்றிவிட்டேன்.