அப்போஸ்தலரின் பிரசங்கம்: வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆதித் திருச்சபை உலகத்துக்கு அறிவித்தது என்ன என்று கேட்பவர் முதலில் திறக்க வேண்டியது, கத்தோலிக்கர் ‘திருத்தூதர் பணிகள்’ என்று வழங்கும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலை. அதன் 2, 3, 10, 13, 17 ஆகிய அதிகாரங்களில் பேதுருவும் பவுலும் மக்கள் முன் ஆற்றிய உரைகள் ஓரளவு விரிவாகவே பதிவாகியுள்ளன. இவற்றை வாசிப்பவர்களில் பலர், தாங்கள் ஏற்கெனவே கேட்டுப் பழகிய பிரசங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அதையே இங்கும் கண்டுவிடுகிறார்கள்; தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

இவ்வுரைகளை நல்வாழ்வுக்கான அறிவுரைத் தொகுப்பாகக் கொள்வது அவற்றுள் முதலாவது. மலைப்பிரசங்கத்தின் போதனைகளோ இயேசு சொன்ன உவமைகளோ இவற்றில் எடுத்துரைக்கப்படவில்லை. இறந்தபின் பரலோகம் செல்வது எப்படி என்பதும் இவ்வுரைகளின் கேள்வியன்று. நடந்துவிட்ட ஒரு நிகழ்வைச் சாட்சிகள் அறிவிக்கிறார்கள்: நாசரேயனாகிய இயேசு கொல்லப்பட்டார், தேவன் அவரை எழுப்பினார், தாவீதின் வம்சத்தில் வரவேண்டியவர் அவரே, நியாயந்தீர்க்கப்போகிறவரும் அவரே, ஆகையால் மனந்திரும்புங்கள் என்பதே அந்த அறிவிப்பின் சுருக்கம். போதனைக்கும் இடம் இருந்தது. ஆனால் 2:42 காட்டுவதுபோல், அது முதன்மையாக ஞானஸ்நானம் பெற்றுச் சேர்ந்தவர்களுக்குரியது.

சிலுவையை மட்டும் மையமாக்கி, உயிர்த்தெழுதலைப் பின்னிணைப்பாகக் கருதுவது இதைவிடப் பரவலான பிழை. பெந்தெகொஸ்தே என்னும் யூதப் பண்டிகை நாளில் எருசலேமில் பேதுரு பேசியபோது இயேசுவின் மரணத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ ஒரு வசனம் (2:23). உயிர்த்தெழுதலுக்கோ 24 முதல் 32 வரை ஒன்பது வசனங்கள் செல்கின்றன. அதன்பின் 110ஆம் சங்கீதத்தைக் காட்டி, எழுப்பப்பட்டவர் இப்போது தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிறார் என்று சொல்லி, அவரைத் தேவன் ஆண்டவரும் கிறிஸ்துவுமாக்கினார் என்ற முடிவுக்கு வருகிறார். மரணம் பாவங்களுக்காகவே நிகழ்ந்தது என்ற விளக்கம் பவுலின் நிருபங்களில் (கடிதங்களில்) வெளிப்படையாக உண்டு; நடபடிகளின் பொது உரைகளிலோ பாவமன்னிப்பு உயர்த்தப்பட்டவரின் நாமத்தோடு இணைத்தே அறிவிக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல, ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு.

‘நீங்கள் கொன்றீர்கள்’ என்ற குற்றச்சாட்டைத் தவறாகக் கையாண்டதன் விளைவு வாசிப்புப் பிழையோடு நின்றுவிடவில்லை. ஒரு யூதர் தம் சொந்த மக்களிடம், அதுவும் அந்நிகழ்வுகள் நடந்த நகரத்திலேயே நின்று பேசிய சொற்களை, எல்லாக் காலத்து யூதர்கள்மீதும் சுமத்தப்பட்ட பழியாகக் கிறிஸ்தவ ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பயன்படுத்தியது. உரைகளையே கவனித்துப் படித்தால் அதற்கு இடமில்லை. அறியாமையினால் செய்தீர்கள் என்று பேதுரு உடனே சொல்கிறார் (3:17). பிசீதியாவிலுள்ள அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் பேசும் பவுல், தம் எதிரே இருக்கும் யூதர்களைக் குற்றஞ்சாட்டாமல் எருசலேமில் குடியிருந்தவர்களையும் அவர்களுடைய அதிகாரிகளையும் மட்டுமே குறிப்பிடுகிறார் (13:27). சபையின் ஜெபமோ ஏரோதையும் பொந்தியுபிலாத்துவையும் யூதரல்லாத புறஜாதியாரையும் இஸ்ரவேல் ஜனங்களையும் சேர்த்தே சொல்கிறது (4:27). கத்தோலிக்கத் திருச்சபை அந்தப் பொதுப்பழியை மறுத்து, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையாக வெளியிட்டது 1965இல்தான் என்பது வருத்தத்துக்குரிய தாமதம்.

கேட்போர் யாரென்று பாராமல் எல்லா உரைகளையும் ஒரே வார்ப்பில் வாசிப்பதும் தவறு. யூதர்களிடம் பேசும்போது யோவேல், சங்கீதம் 16, மோசே முன்னறிவித்த தீர்க்கதரிசி என வேதவாக்கியங்களே வாதத்தின் எலும்புக்கூடாக நிற்கின்றன. அவற்றை நீக்கினால் உரையே சரிந்துவிடும். புறஜாதியாரிடம் பேசிய லீஸ்திராவிலோ பவுல் மழையையும் செழிப்புள்ள காலங்களையும் சுட்டிக்காட்டுகிறார். அத்தேனேயின் மார்ஸ் மேடையில் கிரேக்கப் புலவர் ஒருவரின் அடியை மேற்கோள் காட்டுகிறார். ஆயினும் அத்தேனே உரையும் உயிர்த்தெழுதலில்தான் முடிகிறது, ஏளனம் எழுவதும் அந்த இடத்தில்தான். அத்தேனேயில் பவுல் தோற்றார், அதனால்தான் கொரிந்துவில் சிலுவையை மட்டும் அறிவிக்கத் தீர்மானித்தார் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் விளக்கத்துக்கு நூலில் ஆதாரம் இல்லை. தியொனீசியு, தாமரி உட்படச் சிலர் விசுவாசித்தார்கள் என்றே அந்த அதிகாரம் முடிகிறது.

இவ்வுரைகள் சொல்லுக்குச் சொல் எடுத்த பதிவுகள் என்று வாதிடுவதும், நூலாசிரியரான லூக்கா முழுவதையும் புனைந்தார் என்று ஒதுக்குவதும் எதிரெதிரான இரு அவசரங்கள். சில நிமிடங்களில் படித்து முடித்துவிடக்கூடிய பெந்தெகொஸ்தே உரையின் முடிவில், பேதுரு வேறு அநேக வார்த்தைகளாலும் சாட்சி கூறினார் என்று லூக்காவே சொல்லிவிடுகிறார் (2:40). தாம் தருவது சுருக்கம் என்பதை அவர் மறைக்கவில்லை. அதன் உள்ளடக்கத்தைச் சரிபார்க்க நடபடிகளைவிட முந்தைய சான்று ஒன்று நம் கையில் உள்ளது. கி.பி. 50களின் நடுவில் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், தாம் பெற்றுக்கொண்டதையே அவர்களிடம் ஒப்புவித்ததாகப் பவுல் கூறி, கிறிஸ்து மரித்ததையும் அடக்கம்பண்ணப்பட்டதையும் மூன்றாம் நாளில் எழுந்ததையும் கேபா எனப்படும் பேதுருவுக்கும் பன்னிருவருக்கும் தரிசனமானதையும் வரிசையாக அடுக்குகிறார். அவரே தாம் எருசலேம் சென்று கேபாவுடன் 15 நாள் தங்கியதையும், ஆண்டவருடைய சகோதரனாகிய யாக்கோபைக் கண்டதையும் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். நானாகிலும் அவர்களாகிலும் இப்படியே பிரசங்கிக்கிறோம் என்று அவர் சொல்வதை, அந்தச் சந்திப்பை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பாவமன்னிப்பு, பரிசுத்த ஆவி என்று 2:38இல் வரும் வரிசையை மாறாத சூத்திரமாக்குவோரும் உண்டு. சமாரியாவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல் ஆவி பிந்தி வருகிறார். செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டிலோ பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே, ஞானஸ்நானத்துக்கு முன்னதாகவே வந்துவிடுகிறார்.